சாக்பீஸ் டப்பாவில் போட்ட சொற்கள்

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் பஸ் போகிற வழியில் ஒரு அரசுப் பள்ளி என்பது போதும். என் பெயரும் வேண்டாம். கணக்கு டீச்சர். வயது நாற்பத்தேழு. ஓமலூர்ப் பக்கம் பிறந்தவள். பதினொரு வருடமாக ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்கு மேலே வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பிள்ளைகள் என்னைக் கண்டால் பயப்படுவார்கள். அதை ரொம்ப நாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் பத்துக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, தமிழில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒரே பாவத்துக்காக அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார் தலைமையாசிரியர். மலைமேல் கம்ப்யூட்டர் வைத்திருப்பது வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பது மாதிரி. ஐப்பசி வந்தால் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரம் ஏறாமலிருக்க சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் துணி உறை போட வேண்டும். காலையில் எடுத்து உதறி வெயிலில் போட வேண்டும், வெயில் இருந்தால். இந்த வேலையைப் பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி தானாக எடுத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. நான் வருவதற்குள் பத்து உறையும் ஜன்னல் கம்பியில் தொங்கும்.

அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பதினைந்து வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆகாமல் தடுத்திருக்கலாம். தடுக்க முடியாமல் போனதில் என் கை இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

கம்ப்யூட்டரோடு ஒரு தடுப்பும் சேர்ந்து வந்திருந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாததைத் தேடினால் அது குறுக்கே வந்து நிற்கும். திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். நடுவில் வெள்ளை எழுத்தில், இந்தத் தேடலுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி. பிள்ளைகள் அந்தச் சிவப்புப் பக்கத்துக்கு ‘டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்காவது திரை சிவந்தால் பக்கத்தில் இருப்பவன் டீச்சர் வந்துட்டாங்கடா என்பான். எந்த டீச்சர் என்று நான் கேட்டதில்லை. அந்த அறைக்கு ஒரு டீச்சர்தான்.

தடுப்போடு வந்த பட்டியலில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் கெட்ட வார்த்தைகள். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். தமிழில் எதை அடித்தாலும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, முந்தின வருடம் ஒரு பெண் ஓடிப்போகும்வரை. பத்தாவது படித்தவள் அவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த பையனோடு போய்விட்டாள். தேடிப் பிடித்து அழைத்து வந்த போலீஸ் பள்ளிக்கும் வந்து விசாரித்தது. பதிவுத் திருமணத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை அவள் எங்கள் கம்ப்யூட்டரில்தான் பார்த்திருக்கிறாள். இதற்குத்தான் இன்டர்நெட் கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதில் தலைமையாசிரியர் இடிந்துபோய்விட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். மறுநாளே கூட்டம் போட்டு, தமிழ்ச் சொற்களுக்கும் ஒரு தடைப் பட்டியல் வேண்டும் என்றார்.

ஏழு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தோம். கெட்ட வார்த்தையை யார் வாய்விட்டுச் சொல்வது? ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள், நாங்கள் மேஜையைப் பார்த்தோம். கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் துண்டுச் சீட்டு கொடுத்து, தோன்றிய சொற்களை எழுதி, மடித்து, காலி சாக்பீஸ் டப்பாவில் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. டப்பா ஒரு வாரம் ஆசிரியர் அறையில் இருந்தது. உண்டியலில் காசு போடுகிறமாதிரி, யாரும் பார்க்காத நேரம் பார்த்து வந்து போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அது என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து டைப் அடித்தேன். என்னோடு வேலை பார்க்கிறவர்களைப் பற்றி நான் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத சில விஷயங்களும் அன்றைக்குத் தெரிந்தன.

அசிங்கமான சொற்கள் நாற்பது ஐம்பதுக்குமேல் தேறவில்லை. மற்றதெல்லாம் பயம். காதல், முத்தம், லவ் லெட்டர், வயசுக்கு வருதல், கர்ப்பம், கருப்பை. அறிவியல் புத்தகத்தில் இருக்கிற சொல்லைத் தடுத்தால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அந்தப் பாடத்தை எப்படியும் நான் நடத்துவதில்லை, வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன் என்றார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறோம் என்று அப்போதே ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தேன்.

ஒரு சீட்டில் பச்சை மையில் கல்யாணம் என்று இருந்தது. பச்சை மை பள்ளியில் ஒருவரிடம்தான் உண்டு. போலீஸ் வந்துபோன அவமானம் தலைமையாசிரியருக்கு இன்னும் ஆறவில்லை என்று புரிந்துகொண்டேன். அதை மட்டும் போட்டுவிட்டு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. கல்யாணத்தைத் தடுத்தால் திருமணம் என்று போடுவார்கள் என்று யோசித்து அதையும் சேர்த்தேன். விவாகம், மேரேஜ் இரண்டையும் சேர்த்தேன். பிறகு கண்ணாலம் என்று அடித்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் புழங்குகிற சொல் அதுதான். என் அம்மா கல்யாணத்தைக் கண்ணாலம் என்றுதான் சொல்வாள். பட்டணத்தில் உட்கார்ந்து தடுப்பு செய்தவனுக்கு இந்தச் சொல் தோன்றவே தோன்றாது. சேலத்துக்காரியான எனக்குத் தோன்றியது. அதை அடித்து முடித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் யார் யாருக்குத் திரை சிவந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் தரும். மூன்று பத்தி: பிள்ளையின் எண், நேரம், தடுத்த சொல். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சின்னதாக ஒரு அம்புக்குறி. அதை அமுக்கினால் பிள்ளை அடித்த முழு வரியும் தெரியும் என்று சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் காட்டிக்கொடுத்தான். ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். பக்கம் திறக்க வெகுநேரம் ஆயிற்று. நாலேகால் பஸ்ஸை விட்டால் எனக்கு அடுத்தது ஆறரைக்கு. அதன்பிறகு நான் அம்புக்குறியைத் தொட்டதில்லை. தடுத்த சொல்தான் இருக்கிறதே, அதற்குமேல் என்ன வேண்டியிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பட்டியலில் வந்த பிள்ளையின் வீட்டிலிருந்து யாரையாவது வரவழைத்து, விஷயத்தைச் சொல்லி, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். போன வருடத்து அனுபவத்துக்குப் பிறகு அந்த நோட்டுதான் எங்களுக்குக் கவசம். நாளைக்கு ஒன்று நடந்தால், பெற்றோரிடம் சொல்லிவிட்டோம் என்று காட்டலாம். காப்பி எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயன் வீடுகளில் செல்போன் டவர் எடுக்காது. அதனால் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டு ரைட்டரிடம் சொல்வோம். கூலிப் பெயர் எழுதி வேலை பிரித்துக் கொடுக்கிறவர் அவர். அவர் சொல்லி ஆளை அனுப்புவார்.

மார்கழிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பட்டியலில் உறை எடுக்கிற பெண்ணின் எண் மூன்று தடவை இருந்தது. பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை. கல்யாணம். திருமணம். கண்ணாலம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஏமாற்றம்தான் ஆத்திரமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. சொல்லாமலே வேலை செய்கிற பெண், தலை நிமிர்ந்து பேசாத பெண், இவளுமா என்று நினைத்தேன். ஒரு சொல் சிவந்தால் அடுத்த சொல், அதுவும் சிவந்தால் வீட்டுச் சொல் என்று சாமர்த்தியம் காட்டியிருக்கிறாளே என்றுதான் பட்டது. தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டேன். எதற்குத் தேடினாய் என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியரை ஒருமுறை பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மௌனம் சம்மதம் என்று எந்த மகராசன் சொல்லி வைத்தானோ, அவனை நம்பி நானும் தீர்ப்பு எழுதிவிட்டேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்பது அப்போது தோன்றவே இல்லை.

அவள் வீடு இருக்கிற எஸ்டேட்டின் ஆபீசுக்குப் போன் போட்டேன். ரைட்டர் எடுத்தார். அந்தப் பெண்ணின் அப்பாவைத் திங்கட்கிழமை அனுப்பச் சொன்னேன். காப்பிப் பழம் எடுக்கிற சீசன். ஒரு ஆளை விட்டாலும் மரத்தில் பழம் நின்றுபோகும்.

“ஏனுங்க டீச்சர், பழம் எடுக்கற நேரமுங்க இது. காரணம் சொல்லாம ஆள உட்டா மேனேஜர் என்னையல்ல கேப்பாருங்க” என்றார்.

எனக்கு ஆள் வர வேண்டும். அதனால் காரணத்தைச் சொன்னேன். பொண்ணு கம்ப்யூட்டரில் கல்யாணத்தைப் பற்றித் தேடியிருக்கிறாள், கொஞ்சம் கண்டித்து வைக்க வேண்டும் என்றேன். அப்படிங்களா என்றார். பிறகு அனுப்பறனுங்க என்று சொல்லி வைத்துவிட்டார். பழத்தை அளந்து போடுகிற இடத்தில் அன்று சாயங்காலமே அது பேச்சாகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. நான் நாலேகால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை அப்பா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். பழச் சாறு காய்ந்து கை கறுத்திருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தலைமையாசிரியர் பத்து நிமிடம் பேசினார். செல்போன், சினிமா, காலம் கெட்டுக் கிடப்பது எல்லாவற்றையும் பேசினார். அப்பா கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

“யாரோடன்னு அதுல போட்டிருக்குதுங்களா?”

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அது தெரியாது, நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும் என்றேன். போதாததற்கு, போன வருடம் நடந்தது உங்களுக்கே தெரியுமே, இந்த வயசு அப்படி என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நோட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: “நல்ல நேரத்துல சொன்னீங்க டீச்சர். இல்லாட்டி மானம் போயிருக்குமுங்க.”

மறுநாள் அந்தப் பெண் வழக்கம்போல உறைகளை எடுத்து வைத்திருந்தாள். என் மேஜைமேல் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. அப்பா குடுத்துவிட்டாருங்க என்றாள். உள்ளே கால் கிலோ மிளகு, போன வருடத்தது, நன்றாகக் காய்ந்தது. வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று வாங்கிக்கொண்டேன். அரையாண்டு விடுமுறை முழுக்க அந்த மிளகில் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். மணமான மிளகு. இப்போது வீட்டில் மிளகு வாங்குவதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கம்ப்யூட்டர்கள் மேல் உறை அப்படியே இருந்தது. முதல் நாள் எரிச்சல்பட்டுக்கொண்டே நானே எடுத்தேன். இரண்டாம் நாளும் எடுத்தேன். குளிருக்குக் காய்ச்சல் வருவது இங்கே சகஜம், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“அவளுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்க டீச்சர். போர்வெல் வண்டிக்காரரோட. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க.”

கண்ணாலம் என்று அவள் சொன்னதும் பட்டியலின் மூன்றாவது வரி நினைவுக்கு வந்தது. அந்தப் பீரியடை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாரத்துப் பட்டியலைத் திறந்து முதல் அம்புக்குறியை அமுக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த முறை எனக்குப் பஸ் அவசரம் இல்லை.

முதல் வரி இது: பத்தாவது படிக்கற பொண்ணுக்கு கல்யாணம் வெச்சா நிறுத்த சொல்லலாமா அப்பாவ ஜெயில்ல போடுவாங்களா.

நாலு நிமிடம் கழித்து இரண்டாவது. நல்ல தமிழில் கேட்டால் கம்ப்யூட்டர் பதில் சொல்லும் என்று நினைத்திருக்கிறாள் போலிருக்கிறது. பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல எழுதியிருந்தாள்: திருமணத்தை நிறுத்த புகார் செய்தால் அப்பாவை கைது செய்வார்களா.

மூன்றாவது கேள்வியே இல்லை. கண்ணாலம் நிறுத்தோணும் அப்பாவ ஒன்னும் பண்ணக்கூடாது.

குழந்தைகளுக்கான உதவி எண் அவளுக்குத் தெரியும். எல்லாப் பாடப் புத்தகத்தின் பின்னட்டையிலும் அச்சடித்துத்தான் இருக்கிறது. தினமும் பையில் சுமந்துகொண்டு வந்த எண். யாரைக் கூப்பிடுவது என்று அவள் தேடவில்லை. கூப்பிட்டால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல்தான் கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். அதைக் கேட்கத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறாள். மூன்று முறையும் நான்தான் குறுக்கே வந்து நின்றேன். முதல் இரண்டு சொல்லை வேறு யாரும்கூடத் தடுத்திருப்பார்கள். மூன்றாவதைத் தடுக்க நான் வேண்டியிருந்தது.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. நீங்க போன் பண்ணுங்க டீச்சர், பட்டியலைப் பத்தி மட்டும் சொல்லிராதீங்க என்றார். பின்னட்டையைப் பார்த்து எண்ணை நானே அழைத்தேன். சேலத்திலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், ஒரு அம்மா, திருப்பிக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது, யாருடைய கேள்வியையோ திருடிக் கேட்பதுபோல.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அப்பாகிட்ட எழுதி வாங்கிட்டு, புத்தி சொல்லி விட்டிருப்போம் மேடம். பெரும்பாலும் கேஸ் போடறதில்ல. இப்ப நடந்து முடிஞ்சிருச்சே. எங்களால அப்படி விட முடியாது” என்றார்.

போனை வைத்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்திருக்கிறது. ஒரே வரிப் பதில். ஜெயிலில் போட மாட்டார்கள் கண்ணு, பயப்படாமல் சொல்லு. ஆறு வாரத்துக்கு முன்னால் அது உண்மை. இப்போது பொய்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார். பின்னால் ஒரு போலீஸ் வண்டி. அடையாளம் காட்டவும் வயதுக்குச் சாட்சி சொல்லவும் நான் வர வேண்டும் என்றார். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவள் எங்கோ சமவெளியில் மாப்பிள்ளை வீட்டில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். பள்ளியிலிருந்து பத்து நிமிட வழியில், அதே எஸ்டேட் லயனில்தான் இருந்தாள். கல்யாணமான நாலாம் நாளே அந்த ஆள் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டான். வர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை அப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அவளும் பழம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ரைட்டர் தினமும் பெயர் எழுதியிருக்கிறார். லயனில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்குத்தான் தெரியாது.

ஜீப்பைப் பார்த்ததும் அவள் வாசலில் எழுந்து நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது. அதிகாரி அம்மா தன்மையாகத்தான் கேட்டார். அவள் தலை நிமிர்ந்து, எனக்குப் பதினெட்டு வயசு, நான் சொல்லித்தான் கல்யாணம் பண்ணி வைத்தார்கள், அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றாள். நிறுத்தாமல், ஒரே மூச்சில். பாடம் ஒப்பிக்கும்போதுகூட அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து நகலை எடுத்துக் கொடுத்து, பதினைந்து என்றேன்.

அவளுடைய அம்மா அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை, கையை நீட்டி ஏசவில்லை. என்னிடம் கேட்டாள்: “சொன்னதும் நீங்கதான், இப்பப் புடிச்சுக் குடுக்கறதும் நீங்கதானுங்களா?”

அப்பா எதையும் மறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் நிதானமாகச் சொன்னார். “பரீட்சை முடியட்டும், சித்திரைல வெச்சுக்கலாம்னுதானுங்க இருந்தோம். புள்ள வேற எடத்துல மனச உட்டுருச்சுன்னு டீச்சரே கூப்புட்டுச் சொன்னாங்க. லயன் பூரா பேச்சாயிருச்சு. அதனாலதானுங்க தையிலயே முடிச்சுப்போட்டோம்.” என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவையும், திரும்பி வந்ததும் அந்தப் போர்வெல் ஆளையும் சிறையில் போட்டார்கள். அப்பா ஜாமீனில் வந்துவிட்டார்; வழக்கு நடக்கிறது. அந்த எஸ்டேட்டில் இப்போது அவருக்கு வேலை இல்லை. அவள் சேலத்தில் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். அங்கேயிருந்து பத்தாவது எழுதவில்லை. ஒருமுறை பார்க்கப் போனேன். பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியனுப்பினாள். கல்யாணம் என்ற சொல்லைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். அதனால்தானே இவ்வளவும் வெளியே வந்தது, இருக்கட்டும் என்றார் அறிவியல் ஆசிரியர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கையெழுத்து நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, நாங்கள் பெற்றோரிடம் சொல்லிவிட்டோம் என்பதற்குச் சாட்சியாக. நான் யாரிடமும் கேட்காமல் கண்ணாலத்தை மட்டும் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு அம்புக்குறியையும் அமுக்கிப் பார்க்கிறேன். பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான். ஆறரை பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன்.

தூங்க விடாமல் செய்வது இவையெல்லாம் இல்லை. அன்றைக்கு ஜீப்பில் நடந்ததுதான்.

அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனபோது நானும் கூடப் போனேன். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்றார் அதிகாரி அம்மா. முன்சீட்டில் அவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். பின்னால் நாங்கள் இரண்டு பேர். அப்பாவை ஏற்றிய போலீஸ் வண்டி எங்களுக்குப் பின்னால் வந்தது. மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் திரும்பியதும் அது தலைக்குமேலே ரோட்டில் தெரியும், பிறகு மறைந்துவிடும். அவள் ஒவ்வொரு வளைவிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிச் சீருடையைப் பையில் எடுத்து மடியில் வைத்திருந்தாள். யார் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பாதி மலை இறங்கியபோது குளிர் விட்டு வெயில் சுட ஆரம்பித்தது. அப்போது, வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எங்கப்பாவ ஜெயில்ல போடுவாங்களா டீச்சர்?”

எனக்குப் பதில் தெரியும். அதிகாரி அம்மா போனிலேயே சொல்லியிருந்தார். இரண்டு நாளாக வேறெதையும் நான் நினைக்கவில்லை. அவளுடைய கேள்விக்கு உண்மையான பதிலை அந்த ஜீப்பில் சொல்லக்கூடியவள் நான்தான். அவள் அதற்குத் தகுதியானவள்தான். அப்பாவைக் காப்பாற்ற அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னவளுக்கு உண்மையைத் தாங்கத் தெரியாதா என்ன? எனக்குத்தான் தைரியம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

“தெரியல கண்ணு.”

இந்த முறை அவள் வேறு சொல் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை.